பழைய மோட்டார் வண்டி

பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்குவதும் விற்பதுமாகிய செய்தியைக் கல்லூரி மலரில் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கக்கூடும். இலக்கியத்திற்கும் இயந்திரத்திற்கும் என்ன உறவு என்று அன்னார் வினவலாம். ஆயினும், மனிதர் ஒருவரையொருவர் நம்பி வாழ்வது எவ்வாறு என்னும் கேள்வி பெரிய நூல்களில் மாத்திரமன்று, எண்ணெய்க் கறை படிந்த பட்டறைத் தரையிலும் எழுவதுண்டு. அங்ஙனம் எழுந்ததொன்றை, எம் குடும்பத்தில் நிகழ்ந்தவாறே ஈண்டு எழுதுகின்றேன்.

தேனியிலிருந்து புறப்படும் பெருவழி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்னும் ஊர்களைக் கடந்து லோயர் கேம்பில் மலையடியை அடைகின்றது. பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகின்றன. மேற்கே உயர்ந்து நிற்கும் மலைகளில் ஏலம் விளைகின்றது. தோட்டங்கள் கேரளப் பக்கத்திலும், அவற்றில் உழைப்போரிற் பலருடைய வீடுகள் நம் பக்கத்திலும் இருத்தலின், விடியுமுன்னரே ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளால் மேலேறுகின்றன. அந்தி சாயும் வேளையில் இறங்குகின்றன. போடிமெட்டு வழியில் மாத்திரம் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள. அடிவாரத்திற்கும் உச்சிக்கும் உயர வேற்றுமை ஏறத்தாழ 1,000 மீட்டர். இரண்டாம் உலகப் போரில், 1941 முதல், அமெரிக்கப் படைக்கெனச் செய்யப்பட்ட ஜீப் என்னும் வண்டியினம் இம்மலைகளில் கூலிக்காரரின் ஊர்தியாய் நிலைபெற்றது. எங்கள் பக்கத்தில் ஜீப் ஆடம்பரப் பொருளன்று. அது சோற்றுக்கு வழி.

என் சிறிய தந்தையார் கம்பத்தை அடுத்ததொரு சிற்றூரில் திராட்சைத் தோட்டம் உடையவர். மலைமீதும் சிறிது ஏலம் பயிரிட்டிருந்தார். சில ஆண்டுகட்கு முன்னர், தரகர் ஒருவர் மூலமாகப் பழைய டீசல் ஜீப்பொன்றை வாங்கினார். புதுவண்ணம் பூசப்பட்டிருந்தது, இருக்கைகட்குப் புது உறை, டயர்களும் நல்லவை. மாட்டுச் சந்தையிலே காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிவர், சுழி பார்ப்பர், நடக்கவிட்டும் பார்ப்பர். எஞ்சினுக்குப் பல்லும் இல்லை, சுழியும் இல்லை. ஓட்டிப் பார்க்கச் சென்றபொழுது அது முன்னரே ஓடிச் சூடேறியிருந்தது. சூடேறிய எஞ்சின் தன் நோயைப் பெரிதும் மறைத்துக்கொள்ளும் என்பது பின்னரே விளங்கிற்று.

வண்டி வந்த முதல் வாரத்திலேயே ஐயம் பிறந்தது. அதிகாலையில் கிளப்பும்பொழுது நீலநிறப் புகை வீட்டு வாயிலை மறைத்தது. சற்றே அடங்கி, மேடேறும்பொழுது மறுபடியும் எழுந்தது. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறுகையில் ரேடியேட்டர் நீர் கொதித்து, இருமுறை வண்டியை ஓரங்கட்ட நேர்ந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால், முந்தைய வாரம் நிரப்பியதில் ஒரு பகுதியைக் காணோம். தரையில் ஒழுகிய தடமும் இல்லை. எஞ்சின் எண்ணெயை எரித்துக்கொண்டிருந்தது.

கம்பத்தில் நெடுங்காலமாக ஜீப்புகளோடு பழகிய பட்டறைப் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றோம். அவர் எஞ்சினை ஓடவிட்டபடியே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினார். உள்ளிருந்து ஆவி விட்டுவிட்டுச் சீறி வந்தது. இதனைப் பட்டறையார் ‘பேக் கம்ப்ரெஷன்’ என்பர். பின்பு எஞ்சினை நிறுத்தி மேல்மூடியைத் திறந்தார். முற்றிக் கரிந்த வெல்லப்பாகு போன்ற கரிய சேறு எங்கும் அப்பிக் கிடந்தது. பெரியவர் அதனை விரலால் வழித்து எங்களுக்குக் காட்டி, “இது எண்ணெய் இல்லை தம்பி, எண்ணெயோட பிணம்” என்றார்.

எஞ்சின் எண்ணெயின் வேலை உராய்வைக் குறைப்பது மாத்திரமன்று. அது வெப்பத்தைச் சுமந்து செல்லும், அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்ளும், துருவைத் தடுக்கும். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெயும் விரைவிற் கறுத்துவிடும். அது புகைக்கரியை ஏந்திக்கொண்டதன் அடையாளமேயன்றிக் கேடன்று. ஆனால் ஏந்தும் ஆற்றலுக்கு எல்லையுண்டு. உரிய காலத்தில் மாற்றாதொழியின், வெப்பமும் காற்றும் பட்டு அது தடித்துச் சேறாகின்றது. சேறு எண்ணெய்ப் பம்பின் வலையை அடைக்கும்; நுண்வழிகளைத் தூர்க்கும்; பேரிங்குகள் எண்ணெயின்றித் தேயும். பிஸ்டன் ரிங்குகள் தம் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு அசைவிழக்கும். அப்பொழுது மேலிருந்து எரிவாயு கீழே கசியும், கீழிருந்து எண்ணெய் மேலேறி எரியும். நாங்கள் கண்ட சீறலும் நீலப்புகையும் இவையே. அன்றியும், ரேடியேட்டரில் உப்புக் கலந்த கிணற்று நீரையே பல்லாண்டு ஊற்றி வந்திருந்தமையால், உள்ளே காரை படிந்து வெப்பம் வெளியேற வழியில்லாமற் போயிற்று.

எண்ணெயை மாற்றுவதால் மாத்திரம் இனிப் பயனில்லை என்றார் பெரியவர். எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். சிலிண்டர்களைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய அளவுப் பிஸ்டனும் ரிங்கும் பொருத்த வேண்டும். பேரிங்குகளை மாற்ற வேண்டும். செலவு, வண்டியின் விலையில் ஏறக்குறையப் பாதி.

இச்செய்தி எவ்வாறோ தரகர் செவிக்கு எட்டியது. மறுவாரம் அவர் ஒரு யோசனையோடு வந்தார். “மலைமேல தோட்டத்துக்கு ஆள் ஏற்ற ஒருத்தர் ஜீப் தேடுறாரு. எஞ்சினைக் கழுவி, கெட்டியான ஆயிலா ஊத்திட்டா, சத்தமும் புகையும் கொஞ்ச நாளைக்கு அடங்கிடும். அவரு கேக்கப்போறதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்ணே. போட்ட பணம் கைக்கு வந்துரும்.”

அவ்வாண்டு திராட்சையில் நட்டம். என் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டவேண்டிய மாதமும் அதுவே. சிறிய தந்தையார் உடனே மறுக்கவில்லை, இசையவுமில்லை. தரகர் சென்றபின் என்னை அழைத்து, “நீ படிச்சவன். இதுக்குச் சட்டம் என்ன சொல்லுது?” என்று வினவினார்.

சட்டம் சொல்வது வியப்பானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், மோசடி யாது என்பதை வரையறுத்து, ஒரு குதிரையை உதாரணமாகக் காட்டுகின்றது. குதிரை நோயுற்றதென்று அறிந்த ஒருவன் அதனை ஏலத்தில் விற்கிறான், ஒன்றும் பேசவில்லை. இது மோசடியன்று. ஆனால் வாங்குவோன், ‘நீர் மறுக்காவிடின் குதிரை நலமுடையதென்றே கொள்வேன்’ என்று கூறியபின்னரும் விற்போன் வாளாவிருந்தால், அம்மௌனம் பேச்சுக்கு ஒப்பாகும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், சில விலக்குகள் நீங்கலாக, பொருளின் தரத்தை ஆராயும் பொறுப்பை வாங்குவோன் தலையிலேயே வைக்கின்றது. ஆகவே, கழுவிப் பூசி ஏமாற்றாமல் வாய்மூடி நிற்பது மாத்திரமாயின், கேளாதவனிடத்தில் சொல்லாதது குற்றமாகாதென்றே பெரும்பாலும் முடியும்.

இதனை நான் எடுத்துரைத்தபொழுது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அந்தக் குதிரை மேல வாங்கினவன் ஒருத்தன்தான் ஏறுவான். இந்த ஜீப்புல பத்துப் பேர் ஏறுவாங்க. அவங்க வாங்கவும் இல்லை, கேக்கவும் இல்லையே” என்றார்.

அவர் அஞ்சியது வீணன்று. பேரிங் இறுகி எஞ்சின் மலைவழியில் திடீரென நிற்குமாயின், வெற்றிட விசையின் துணைகொண்டு பிரேக் பிடிக்கும் வண்டிகளில், எஞ்சிய விசை இரண்டொரு மிதியில் தீர்ந்துவிடும். அதன்பின் மிதி கல்லாய் இறுகும். வளைவிலே அது நேர்ந்தால் விளைவது யாதென்று எம் பக்கத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வாங்க வந்தவர் நடுவயதினர். மலைவழியில் வண்டியோட்டிப் பிழைப்பவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சிறிய தந்தையார் தாமே எண்ணெய் மூடியைக் கழற்றிக் காட்டி, பட்டறைப் பெரியவர் சொன்னவற்றை ஒன்றுவிடாமற் சொன்னார். வந்தவர் கேட்டு நின்று, “சொன்னதுக்கு நன்றிண்ணே” என்று கூறி நடந்தார். தரகர் மீண்டும் எம் வீட்டுப்படி ஏறவில்லை. கட்டணத்திற்காகச் சிற்றன்னையாரின் வளையல்கள் அடகுக்கடைக்குச் சென்றன. அடுத்த அறுவடைக்குப் பின்னரே திரும்பின. எஞ்சின் மூன்று மாதத்திற்குப் பின் சீர்செய்யப்பட்டது. வந்த மனிதரோ வேறெங்கேனும் வேறொரு ஜீப்பை வாங்கியிருப்பார். அதன் எஞ்சின் எத்தகையதென்பதை அவர்க்கு எவரேனும் சொன்னார்களோ, அறியேன்.

நிற்க. இத்தகைய மௌனம் ஒருவரையன்றி ஊரையே வருத்தும் என்பதைப் பொருளியலறிஞரும் ஆராய்ந்துள்ளனர். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கர் 1970இல், பழைய மோட்டார் வண்டிச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல வண்டி எது, கெட்டது எது என்று வாங்குவோரால் அறியக்கூடவில்லையெனின், அவர் இரண்டிற்கும் நடுத்தரமான விலையே கொடுப்பர். அவ்விலைக்கு நல்ல வண்டியுடையார் விற்க மனங்கொள்ளார். கெட்ட வண்டியுடையாரே முந்துவர். நாளடைவில் நல்லவை சந்தையை விட்டு நீங்கும். விலை மேலும் தாழும். இவ்வாராய்ச்சி முதலாகிய பணிகட்காக 2001இல் அவர் வேறிருவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒருவர் மறைத்த குற்றத்திற்கு, வண்டியை ஒழுங்காகப் பேணிய மற்றொருவரும் விலை குறைந்து வருந்த வேண்டியிருக்கின்றது என்பதே இதன் சாரம்.

ஆதலால், பழைய வண்டி வாங்குவார்க்கு யான் கூறத்தக்கவை சில. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் செல்க. கிளப்புமுன் அதன்மேற் கை வைத்துப் பார்க்க. நீலப்புகை எண்ணெய் எரிவதையும், சூடேறியும் நீங்காத வெண்புகை பெரும்பாலும் நீர் உட்புகுந்ததையும், கரும்புகை எரிபொருள் மிகுந்ததையோ காற்று குறைந்ததையோ காட்டும். எண்ணெய் மூடியின் அடியில் பாலேடு போன்ற படிவு காணின், நீர் எண்ணெயிற் கலந்ததோ என ஐயுறுக. ஆறிய ரேடியேட்டரைத் திறந்து, நீரில் துருவோ எண்ணெய்ப் படலமோ உளதா என்று நோக்குக. நம்பிக்கையுள்ள பட்டறையாரைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பிக்க. இவையனைத்திற்கும் மேலாக, வாய் திறந்து கேட்க. இயன்றால் சாட்சி முன்னிலையிற் கேட்க. கேள்வி எழுந்தபின் மௌனம் காக்கும் உரிமை விற்போனுக்கு இல்லை.

விற்போர்க்குக் கூற வேண்டுவது இதனினும் சிறிது. சிறிய தந்தையார் எஞ்சினைச் சீர்செய்த நாள் தொட்டு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கருவிப்பெட்டியில் வைத்திருந்தார். எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் தரம், மாற்றிய வடிகட்டி ஆகிய இவையே அதில் எழுதப்பட்டன. சென்ற ஆண்டு அவர் அந்த ஜீப்பை விற்றபொழுது, அந்த நோட்டையும் வாங்கியவர் கையில் கொடுத்தார். அதன் முதற் பக்கத்தில், எஞ்சின் எந்நிலையில் வந்தது, என்னென்ன மாற்றப்பட்டன என்பவை மறைவின்றி எழுதப்பட்டுள்ளன. விலை சற்றுக் குறைந்ததேயாயினும், வாங்கியவர் அதனைத் தொடர்ந்து எழுதி வருகின்றார் என்று கேள்வியுற்றேன்.