வண்டி நிக்குதா?

நான் வேலையை விட்ட வாரத்தில், ஆர்ஜே பயிற்சிக்கு வந்திருந்த பையன் ஒருவன் கேட்டான்: “மேடம், டிராஃபிக் அப்டேட்னா மேப்பைப் பார்த்துப் படிக்கிறதுதானே? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு?” துடுக்காகக் கேட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

தனியார் பண்பலை வானொலிகள் சென்னையில் ஒலிக்கத் தொடங்கியது 2003-இல். அடுத்த வருஷம் அவற்றில் ஒன்றில் சேர்ந்தேன். காலை ஏழரையிலிருந்து பத்தரை, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டரை. பின்னணி இசை மேலே நாற்பது செகண்ட் பேச்சு, அதற்குப் பெயர் லிங்க். மணிக்கு நாலு லிங்க். இருபது வருஷம் இதே வேலை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட அரைகுறைதான். இதைச் சொன்னதும் அந்தப் பையன் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவருக்கும் ஓட்டத் தெரியாது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

அவர் ஒரு பஸ் டெர்மினஸில் டைம்கீப்பர். காலை ஷிஃப்டை முடித்துக்கொண்டு வீடு திரும்பும்போது அவருடைய மரமேஜை வழியாகத்தான் போவேன். சேர்ந்த இரண்டாவது மாதம் ஒருநாள் கூப்பிட்டார். “ஏம்மா, ரேடியோல டிராஃபிக் சொல்ற பொண்ணு நீதானே? காலைல ‘லஸ் கார்னர்ல நெரிசல்’னு சொன்னியே, யாருக்குச் சொன்னே?”

எல்லோருக்கும்தான் என்றேன்.

“லஸ்ல மாட்டிக்கிட்டவனுக்கு நீ சொல்லி என்ன ஆவப்போவுது? அவனுக்குத்தான் முன்னால இருக்கிற வண்டியோட நம்பர் பிளேட்டே மனப்பாடம் ஆயிருக்குமே. ராயப்பேட்டை மணிக்கூண்டுல நிக்கிறவனுக்குச் சொல்லு. அவனுக்குத்தான் இன்னும் திரும்ப எடம் இருக்கு.”

இருபது வருஷமும் நான் செய்தது அவருடைய அந்த ஒரு பேச்சை விரித்துக்கொண்டே போனதுதான். அடைப்பு எங்கே என்பது பாதிச் செய்திகூட இல்லை. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் தெற்கே வருகிறவன் ராதாகிருஷ்ணன் சாலை சிக்னலைத் தாண்டிவிட்டான் என்றால் லஸ்ஸில் போய்த்தான் சிக்கிக்கொள்வான். ஆகவே லிங்கின் முதல் சொல் ‘லஸ்’ ஆக இருக்கக் கூடாது, ‘ராயப்பேட்டையிலேர்ந்து வர்றவங்க’ என்று இருக்க வேண்டும். வலது, இடது இரண்டையும் விட்டொழிக்க வேண்டும். எதிரெதிராக வருகிற இருவருக்கு எது வலது?

அவர் மேஜையில் ஒரு நீளமான நோட்டு இருக்கும். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம் தாமதம். ஊரின் ரத்த அழுத்தத்தை அதில் பார்த்துவிடுவார். “29சி லேட்டு, 12பி டயத்துக்கு வருதா? அப்ப கோளாறு வடக்கே, பெரம்பூர் புரசை பக்கம். ரெண்டும் லேட்டா? நம்ம வாசல்லதான் என்னமோ ஆயிருக்கு. ஒரே நம்பர்ல ரெண்டு வண்டி ஒட்டிக்கிட்டு வருதா? நடுவுல எங்கயோ ஒரு சிக்னல் செத்துப்போச்சு.” முதலில் இதைக் கிளி ஜோசியம் என்றுதான் நினைத்தேன். பதினைந்து நாள் சரிபார்த்தேன். அதன்பிறகு ஸ்டுடியோவுக்குள் போவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போடாமல் மைக் ஃபேடரில் கை வைத்ததில்லை.

பங்குனித் திருவிழா வந்தால் அவர் ஆளே வேறு மாதிரி ஆகிவிடுவார். கபாலீசுவரர் கோயிலில் ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். தேராவது மாட வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்துவிடும். அறுபத்துமூவர் அன்று மத்தியானத்துக்குப் பிறகு மயிலாப்பூரே வாகனம் புகாத ஊர். போலீஸின் போக்குவரத்து மாற்றக் குறிப்பு முதல்நாளே ஃபேக்ஸில் வந்துவிடும். ‘கனரக வாகனங்கள் அனுமதிக்கப்பட மாட்டாது, மாற்றுப் பாதையில் திருப்பி விடப்படும், வாகன ஓட்டிகள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ அதில் பிழை இருக்காது. ஆனால் அது தடுப்பு வைக்கிறவர்களின் இடத்தில் நின்றுகொண்டு எழுதியது. அதை ஸ்டியரிங் பிடிக்கிறவனின் இடத்துக்குத் திருப்பிப் போடுவதுதான் என் வேலை. முதல் வருஷம் அப்படியே படித்துவிட்டேன். “சாமி எங்க நிக்குதுன்னு சொல்றே. அது கும்பிடறவங்களுக்கு. பஸ்ஸு எங்க நிக்குதுன்னு சொல்லு” என்றார் டைம்கீப்பர். பஸ் கோயில் குளத்துக்கு வராது, எந்த நிறுத்தத்தோடு திரும்பும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் — இவ்வளவும் நாற்பது செகண்டுக்குள். எழுதி எழுதிக் கிழித்திருக்கிறேன்.

தெருப் பெயர் ஒரு தனிப் பாடு. குறிப்பில் ராஜீவ் காந்தி சாலை என்று இருக்கும். ஐடி கம்பெனிப் பையனுக்கு அது ஓஎம்ஆர், தரமணியில் பிறந்தவருக்கு மகாபலிபுரம் ரோடு. காமராசர் சாலை என்றால் அதிகாரிகளுக்குப் புரியும், ஆட்டோக்காரருக்குப் பீச் ரோடு. பெரியார் ஈவெரா சாலையைப் பூந்தமல்லி ஹைரோடு என்று சொல்லாவிட்டால் பாதிப் பேர் வேறு ஊர்ச் செய்தி என்று விட்டுவிடுவார்கள். ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலம் ஆகிறது. 1973-இல் கட்டிய பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று முறையான பெயர் உண்டு. ‘ஜெமினி’ என்று சொன்னால்தான் கை தானாக இண்டிகேட்டரைப் போடும். நிலையத்தில் சிலருக்கு இது பிடிக்காது, அரசு வைத்த பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். முறையான பெயர் முதலில், வாயில் வழங்கும் பெயர் உடனே பின்னால் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தேன். அதற்கு இரண்டு செகண்ட் அதிகம். மணிக்கு எட்டு செகண்ட் விளம்பரம் போச்சே என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களும் உண்டு.

இனி போன் விஷயம். இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

எங்கள் செய்தி எங்கிருந்து வரும்? டைம்கீப்பர், போலீஸ் கட்டுப்பாட்டு அறை, மூன்றாவதாக நேயர்கள். கத்திப்பாராவில் இன்னும் மேம்பாலம் வராத காலம் அது (2008-இல்தான் திறந்தார்கள்). கிண்டியிலிருந்து தினமும் ஒரு ஆட்டோக்காரர் கூப்பிடுவார். “அக்கா, ஒண்ணுமே நகரலக்கா.” அவர் பெயரைச் சொல்லி ஆன்ஏரில் நன்றி சொல்வேன். அவருக்கு அதில் அத்தனை சந்தோஷம். சவாரியிடம்கூட ‘இப்ப பாருங்க, என் பேரு வரும்’ என்பாராம். நன்றி கேட்கக் கேட்க அழைப்புகள் கூடின. ஸ்பான்சரும் வந்தான். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஒருநாள் மழை. பேசிக்கொண்டே இருந்த ஆட்டோக்காரர் ‘அக்கா’ என்று பாதியில் நின்றார். ஒரு கிறீச். பிறகு ஒன்றும் இல்லை. லைன் அறுந்தது. எனக்கு லிங்குக்கு ஒன்றரை நிமிஷம் இருந்தது. போய்ப் படித்தேன். என்ன படித்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் தொழில் இல்லாமல் கிடந்தார். கையைக் கழுத்தில் தூக்கிக் கட்டிக்கொண்டு நிலையத்துக்கே வந்தார், என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. “அன்னிக்கு நான் சொன்னது ஒலிபரப்பாச்சாக்கா?” என்றுதான் கேட்டார். டைம்கீப்பரிடம் போய் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. “உனக்குச் செய்தி குடுக்கறதுக்காக அவன் ஒத்தைக் கையால ஓட்டியிருக்கான். அந்தச் செய்தி யாருக்கு வேணும்?” என்று கேட்டுவிட்டு நோட்டில் எழுதப் போய்விட்டார். அதோடு மூன்று நாள் என்னிடம் பேசவில்லை.

நான்காம் நாளிலிருந்து, அழைப்பை எடுத்ததும் என் முதல் கேள்வி: “வண்டி நிக்குதா?” இல்லை என்றால் வைத்துவிடுவேன். சிக்னலில் நிற்கிறேன் என்பார்கள். அது நிற்பது ஆகாது. “ஓரங்கட்டி சைடு ஸ்டாண்டு போட்டாச்சா?” பொய் சொல்கிறவர்களும் உண்டு. அதற்குக் காது பழகிவிட்டது. ஓடுகிற வண்டியில் பேசினால் வாய்க்கும் போனுக்கும் நடுவே காற்று கிழிபடும். நிற்கிற ஆட்டோவின் எஞ்சின் ஒரே தாளத்தில் துடிக்கும், ஓடினால் தாளம் மாறும். கார்க்காரர்கள்தான் கஷ்டம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்கும். இண்டிகேட்டர் ‘டிக் டிக்’ காட்டிக் கொடுக்கும்.

அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. ‘எனர்ஜி போயிடுச்சு’ என்றார்கள் நிலையத்தில். ‘நேயரை அவமானப்படுத்துகிறாள்’ என்றும் பேச்சு வந்தது. என்னை இரவு நிகழ்ச்சிக்கு மாற்றுவதாகக்கூட ஒரு மாதம் பேசினார்கள். அப்புறம் வாட்ஸ்அப் வந்தது. இனிமேல் யாரும் பேச வேண்டாம், போட்டோ போட்டால் போதும் என்றார்கள். முதல் வாரமே ஒரு படம்: முன்கண்ணாடி வழியாக எடுத்த வடபழனி நெரிசல். அடியில் ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதில் நிற்கிறது. நாற்பதில் போகும் வண்டி ஒரு செகண்டுக்குப் பதினோரு மீட்டர் ஓடும். படம் எடுக்க மூன்று செகண்ட் என்றால் முப்பத்து மூன்று மீட்டர். டைம்கீப்பர் கணக்கில் மூன்று பஸ் நீளம், கண்ணை மூடிக்கொண்டு. அந்தப் படத்தை நான் பயன்படுத்தவில்லை. வேறொருவர் பயன்படுத்தினார், அனுப்பியவர் பெயரோடு.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது. ஓட்டும்போது போன் பேசினால் உரிமத்தை மூன்று மாதமாவது முடக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் சொன்னது. 2019 திருத்தத்தில், கையில் போனைப் பிடித்தபடி ஓட்டுவது 184-ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டும் குற்றத்தோடு சேர்ந்தது. 2020 அக்டோபரிலிருந்து வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி என்றால், போனைப் பயன்படுத்தலாம் என்று விதி. தமிழ்நாட்டில் 2022-இல் அபராதம் முதல் தடவைக்கு 1,000 ரூபாய் ஆனது. இதையெல்லாம் லிங்கில் நான் படிப்பேன். என் லிங்க் முடிந்ததும் ‘உங்க ஏரியா டிராஃபிக்கை உடனே எங்களுக்கு அனுப்புங்க’ என்று ஜிங்கிள் ஓடும். அந்த ‘உடனே’யை எடுங்கள் என்று எத்தனை மெயில் போட்டிருப்பேன்!

மேப்பை நான் குறை சொல்லவில்லை. அது கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் எப்படித் தெரிந்துகொள்கிறது? ரோட்டில் போகிற போன்கள் மெதுவாக நகர்கின்றனவா என்று பார்த்துத்தான். 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களைச் சின்ன வண்டியில் போட்டுத் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். காலித் தெரு மேப்பில் சிவப்பாகிவிட்டது. வேடிக்கைக்கு அது போதும். எனக்கு அதில் தெரிவது வேறு: யாராவது போய் மாட்டிக்கொண்டால்தான் மேப்புக்குத் தெரியும். மூன்று மணிக்கு மூடப்போகிற தெரு இரண்டே முக்காலுக்குப் பச்சையாகத்தான் இருக்கும், யாராவது முன்கூட்டி அதில் ஏற்றி வைத்தாலொழிய. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சைதாப்பேட்டைப் பாலத்தை மூடியபோது பாதி ஊரில் போனே வேலை செய்யவில்லை. ஓய்வு பெற்றிருந்த டைம்கீப்பர் எப்படியோ லேண்ட்லைனில் பிடித்துச் சொன்னார்: “மூடினதை அடுக்காதே. தொறந்திருக்கிற ஒண்ணை மொதல்ல சொல்லு. பயந்தவன் காதுல மொத வார்த்தைதான் நிக்கும்.” அவரிடமிருந்து வந்த கடைசிப் பாடம் அது. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். அந்த நோட்டுகளை யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இந்தப் பங்குனியில் அந்தப் பையன் போன் செய்தான். இப்போது சாயங்கால ஷோ அவனுடையது. “மேடம், அறுபத்துமூவருக்கு எதெது குளோஸ்? மேப்ல எல்லாம் ஓப்பன்னு காட்டுது.”

காற்று கிழிபடும் சத்தம். வைத்துவிட்டேன்.

பத்து நிமிஷம் கழித்து மறுபடி. “டீக்கடைல நிக்கிறேன் மேடம்.” கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது. சரி என்று எல்லாம் சொன்னேன். மணிக்கூண்டிலிருந்து வருகிறவன் எங்கே திரும்ப வேண்டும், அடையாறிலிருந்து வருகிறவன் மந்தைவெளிக்கு முன்னாலேயே என்ன செய்ய வேண்டும், பஸ் எதோடு நிற்கும். எழுதிக்கொண்டான். இரண்டு தடவை திருப்பிக் கேட்டான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

சாயங்காலம் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நகைக்கடை பெயர், அப்புறம் அவன் குரல்: “மயிலாப்பூர் மாட வீதிகள்ல ஹெவி டிராஃபிக், பார்த்துப் போங்க மக்களே!” பன்னிரண்டு செகண்ட். பாட்டு வந்துவிட்டது.