டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி

ஒரே காய்ச்சலுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாக மருந்து எழுதுவதைத் தவறென்று சொல்ல முடியாது. நோய், புத்தகத்தில் உள்ளபடியே வருவதில்லை. ஆனால் எல்லா வேறுபாட்டையும் நோயின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு. தாயின் உடல்நிலை மட்டுமா இதைத் தீர்மானித்திருக்கும்?

புதுக்கோட்டை மாவட்டத்துக் காலனிகளிலிருந்து நோயாளிகளை அழைத்துக்கொண்டு பல மருத்துவமனை வரிசைகளில் நின்றிருக்கிறேன். "எந்த ஊர்?" என்பார்கள். சொன்னதும், "காலனியா?" என்று அடுத்த கேள்வி வரும். அதன்பின் சில டாக்டர்களின் கை மேசையைத் தாண்டாது. "சுத்தபத்தமா இருங்கம்மா" என்ற அறிவுரையோடு மாத்திரைச் சீட்டு வந்துவிடும். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தெருவுல வேற யாருக்கும் இருக்கா? என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்கிற டாக்டரும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறார். இருவரும் படித்தது ஒரே படிப்பு.

அந்தக் கேள்வியின் மதிப்பு என்ன என்பதை வேங்கைவயலில் பார்த்தோம். 2022 டிசம்பரில் அங்கே பட்டியலினக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு முடியாமல் போனது. சிகிச்சை அளித்த மருத்துவர்கள் குடிநீரைச் சந்தேகித்தார்கள். டிசம்பர் 26 அன்று மக்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மலம் கிடந்தது. வெறும் மாத்திரை எழுதி அனுப்பியிருந்தால், பிள்ளைகள் அதே தண்ணீரை ஊற்றித்தான் அதையும் விழுங்கியிருப்பார்கள்.

போலீஸ் விசாரணை எங்கே போனது என்பது தெரிந்ததே. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் மருத்துவரின் அறையில் நடந்த விசாரணை சரியான இடத்தைத்தான் காட்டியது.

நல்ல டாக்டர் வாய்ப்பது நம் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. ஒரே தெருவிலிருந்து இரண்டு பேர் வயிற்றுப்போக்கோடு வந்தாலே தண்ணீரைச் சோதிக்கச் சொல்வது, எந்த டாக்டர் பணியில் இருந்தாலும் நடக்க வேண்டும். அதுவரை நாமே சொல்வோம்: எத்தனை பேருக்கு, எந்த நாளிலிருந்து, எந்தத் தொட்டித் தண்ணீர் என்று. அதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்போம். கேட்பது நம் உரிமை.