குருவிக்கென்று வைத்த தானியம்

விரத நாளிலே காகத்துக்கு வைக்கும் சோறு எத்தகையது என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். வீட்டார் எவரும் உண்ணுமுன், கறியும் பருப்பும் சேர்த்து, முதலில் எடுத்து வைக்கப்படுவது அது. அதே முற்றத்தில் சிட்டுக்குருவிக்கு எறியப்படும் தானியத்தையும் சற்றுப் பாருங்கள். வண்டு அரித்த குரக்கன், ஈரம் பட்டுக் கட்டியான குறுணல், கறுத்துச் சுருங்கிய கச்சான். வீணாக எறிவதிலும் பார்க்கக் குருவியாவது தின்னட்டும் என்று நியாயமும் சொல்லிக்கொள்கிறோம். வண்டு விழுந்ததைப் பற்றிக் கவலையில்லை. மைனாவும் புலுனியும் வண்டையே தேடிக் கொத்தும். பூஞ்சணம்தான் பொல்லாதது.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள், பெரும்பாலும் குஞ்சுகள், சில மாதங்களுக்குள் மடிந்தன. காரணம் விளங்காமையால் அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே பெயரிட்டார்கள். ஆராய்ந்தபோது, தீனியிற் சேர்த்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கிலே பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தமை தெரியவந்தது. ஈரலைக் கெடுக்கும் அந்நஞ்சே அஃப்லாடொக்சின். பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டாலும், கடலையை வறுத்தாலும் அது முற்றாக நீங்குவதில்லை. சிட்டுக்குருவியின் நிறையோ ஏறக்குறைய 25 கிராம். அது நோயுற்றாலும் நம் முன்னே வந்து விழுந்து சாட்சி சொல்வதில்லை. எங்கேயோ ஒரு வேலியடியில் ஒதுங்கிவிடுகிறது. நாமும் மறுநாள் அதே தானியத்தையே எறிகிறோம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் தானியத்தை ஓலைப்பாயிற் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். பல்லாற் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைவதே பதம். காய்ந்தவுடன் சூட்டோடு தகரத்தில் இட்டு மூடுவோர் பலர். அவ்வாறு மூடினால் உள்ளே ஆவி எழுந்து, மூடியில் வியர்வைபோல் அரும்பி, மீண்டும் தானியத்திலேயே சொட்டும். வெயிலில் நின்ற பயனெல்லாம் ஓர் இரவிற் போய்விடும். நிழலில் ஆறவிட்டே அடைக்க வேண்டும். இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் தகரம் போதும். சாக்கையும் பொலித்தீன் பையையும் எலி ஒரே இரவில் அரித்துவிடும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் நாடு இது என்பதையும் மறத்தலாகாது. தகரத்தைச் சீமெந்துத் தரையில் வையாமல் பலகைமேல் வைப்பது நல்லது. உலர்ந்த வேப்பிலை சில போடலாம். பூச்சி மருந்துத் தூள் ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் குருவித் தகரம் அரிசித் தகரத்துக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. விருந்தினர் சிலர் சிரிப்பதுண்டு.

பழையதன்மேற் புதியதைக் கொட்டும் வழக்கமே பெருங்கேடு. மேலிருப்பதை அள்ள அள்ள, அடியிலுள்ளது மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து புழுங்கும். இரண்டொரு வாரத்துக்குப் போதுமானதை வாங்கி, அது தீர்ந்தபின் தகரத்தைக் கழுவிக் காயவைத்தே மறுபடி நிரப்புக. கச்சான் எண்ணெய்ப் பசையுள்ளதாகையால் விரைவிற் காறிப்போகும். அதைச் சிறிதளவாக வேறொரு போத்தலில் வைத்துக்கொள்ளலாம். பூஞ்சணம் கண்டதைக் கோழிக்கும் போடாமல், முற்றத்துக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.