எத்தனை இலை?

அடுப்படியில் கறிவேப்பிலை இருந்தால் ஓர் இணுக்கை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். உங்கள் கையில் இருப்பது எத்தனை இலை? பதினைந்து, பதினேழு என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். தாவரவியல் படித்தவர்களோ 'ஒன்று' என்பார்கள். நாம் உருவித் தாளிதத்தில் போடுபவை சிற்றிலைகள். இணுக்கு முழுவதும் சேர்ந்ததுதான் ஓர் இலை. அதற்குக் கூட்டிலை என்று பெயர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அரபியில் 'வரக்' என்றால் இலை என்னும் இனம். 'வரகா' என்றால் அதில் ஒன்று. எண்ணுவதற்கு முன்னால் எது 'ஒன்று' என்று தெரிந்தாக வேண்டும். அரபுக் கல்லூரியில் இலக்கணம் ஓதியபோது மனதில் பதிந்த பாடம் இது. செடியிலும் கேள்வி இதேதான்.

விடையைச் செடியே வைத்திருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு சின்ன அரும்பு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இராது. கிளையின் நுனியில் வளரும் குருத்து உண்டு. கூட்டிலையின் நுனியில் குருத்து இல்லை. ஆகவே இலையைப் பார்த்து எண்ணாதீர்கள், அரும்பைப் பார்த்து எண்ணுங்கள்.

நான் கற்பிக்கும் பாடசாலை ஹட்டன் பக்கம் இருக்கிறது. தேயிலைக்கு நிழலுக்காக வைக்கும் முள்முருக்கின் இலையைப் படம் போட்டு, "எத்தனை இலைகள்?" என்று ஒரு தனியார் பயிற்சிப் புத்தகம் கேட்டிருந்தது. 'மூன்று' என்பது அதன் விடை. ஐந்தாம் தரத்து மாணவி ஒருத்தி 'ஒன்று' என்று எழுதியிருந்தாள். காரணம் கேட்டேன்.

"அம்மா சொன்னாங்க சேர். கொழுந்து கிள்ளினா, கீழ நிக்கிற இலையோட கக்கத்துலதான் மறுபடி துளிர்க்குமாம். முருக்குல மூணுக்கும் சேர்த்து ஒரே இடத்துலதான் துளிர்க்குது."

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, கொழுந்து பறிக்கும் விரல்களில் இருந்துவரும் அறிவு இது. அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோது, "நமக்கு என்னங்க தெரியும், நான் கைநாட்டு" என்றார். அவருடைய மகளுக்குப் புள்ளியைப் போட்டுவிட்டேன். ஆனால் அதே புத்தகத்தை வாங்கிய மற்றப் பிள்ளைகள்? சரியாக எழுதிய எத்தனை பேர் தம் கண்ணையே சந்தேகித்திருப்பார்கள்! பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை.

இலை ஏன் இப்படிப் பிரிந்திருக்கிறது? வாழையிலையைப் பாருங்கள். ஒரே ஏடாக இருப்பதால் காற்று அதைக் கிழித்துவிடுகிறது. சிற்றிலைகளுக்கு இடையே காற்றும் நுழையும், வெயிலும் நுழையும். கிளிரிசிடியா மரத்தின் கீழே தேயிலைக்கு நிழலோடு வெளிச்சமும் கிடைப்பது அதனால்தான். முள்முருக்கும் கிளிரிசிடியாவும் அவரைக் குடும்பத்தவை. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருகின்றன. வெட்டிப் போட்ட தழை மண்ணுக்கு உரமாகிறது.

முருங்கையில் காம்பு கிளைத்து, அதுவும் மீண்டும் கிளைத்த பிறகே சிற்றிலைகள் வருகின்றன. நாம் ஒடித்து வரும் ஒரு கொத்து பெரும்பாலும் ஓர் இலைதான். வழியோரத் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் மூடிக்கொள்பவையும் சிற்றிலைகளே.

பெற்றோர்களே! பிள்ளையின் விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே அதட்டிவிடாதீர்கள். வாசலுக்கு அழைத்துச் சென்று ஒரு கிளையைக் கையில் கொடுங்கள். "அரும்பு எங்கே இருக்கிறது, காட்டு" என்று கேளுங்கள். அப்புறம் புள்ளி போடுங்கள்.