ஸ்வீட்டா, பால்கனியா?

“எனக்குத்தான் சர்க்கரை வியாதி இருக்கே, கப்பல்ல எனக்கு ஸ்வீட் எதுக்குத் தம்பி?”

என் மாமியார் இப்படிக் கேட்டதும் டிராவல்ஸ் ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். உல்லாசக் கப்பல்களில் சோபா, சாப்பாட்டு மேஜை, படுக்கை என்று விஸ்தாரமாக இருக்கும் பெரிய அறைக்கு ‘ஸ்வீட்’ என்று பெயராம். எனக்கும் அந்த நிமிஷம்தான் தெரியும். ஆனால் முன்பே தெரிந்தவள் மாதிரி நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்!

கும்பகோணத்தில் இருக்கும் நடுத்தரக் குடும்பம் நாங்கள். எங்களுக்கும் உல்லாசக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் அத்தையின் ஆசைதான்.

அத்தை 1950-ல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய அப்பா பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1957-ல் மனைவியையும் ஏழு வயது மகளையும் அங்கே அழைத்துக்கொண்டார். ‘ரஜுலா’ கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1926-ல் கட்டப்பட்டு, நாற்பது வருஷங்களுக்கு மேல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல் அது. பணக்காரர்களுக்கு அறை, மற்றவர்களுக்கு டெக். கரையிலிருந்து படகில் போய், நடுக்கடலில் நிற்கும் கப்பலில் ஏறி, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பாயை விரித்தால் அதுதான் வீடு. அத்தையும் அவர்கள் அம்மாவும் அப்படித்தான் போனார்கள். பதின்மூன்று வயதில் திரும்பி வந்தபிறகு அத்தை பினாங்கைப் பார்க்கவே இல்லை. மாமா காலமான பிறகு ஒரு நாள், “ஒரே ஒரு தடவை கப்பல்லயே போய்ப் பார்த்துட்டு வந்துடணும்னு இருக்கு” என்றார்கள். எதையும் வாய் விட்டுக் கேட்காதவர்கள். என்னவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் இருந்தது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் போர்ட் கிளாங்கும் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலேயே இறங்கும் நான்கு இரவுப் பயணம். 2025 பிப்ரவரியில் போவதாக ஏற்பாடு. அத்தை, இவர், நான், பிளஸ் ஒன் படிக்கும் மகள் என்று நாலு பேர்.

இவர் ஒரேயடியாக, “எங்க அம்மா டெக்குல பாய் போட்டுப் படுத்துட்டுப் போனவங்க. இந்தத் தடவை ராணி மாதிரி ஸ்வீட்லதான் போகணும்” என்று சொல்லிவிட்டார். இதற்கு எப்படி எதிர்ப்பேச்சு பேசுவது? மாமியாருக்குச் செலவு செய்ய மருமகளுக்கு மனசில்லை என்றல்லவா ஆகிவிடும்!

ஆனால் டிராவல்ஸ்காரர் எழுதிக் கொடுத்த தாளை வீட்டுக்கு எடுத்து வந்து, மளிகைக் கணக்கு நோட்டிலேயே கூட்டிப் பார்த்தேன். கப்பல் கட்டணம் பொதுவாக அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில், ஆளுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆள் இருந்தால் அவர்களுக்குக் குறைவு. ஆகவே நாலு பேரும் ஒரே ஸ்வீட்டில் இருந்தால் லாபம் மாதிரித் தோன்றும். அப்படியும், இரண்டு பால்கனி அறை எடுப்பதைவிட அந்த ஒரு ஸ்வீட்டுக்கு எண்பதாயிரம் ரூபாய் அதிகம் வந்தது. மகளின் காலேஜ் அட்மிஷன் எதிரில் நிற்கும்போது எண்பதாயிரம் சின்னத் தொகையா?

அதோடு முடியவில்லை. கப்பலில் ‘கிராஜுட்டி’ என்று ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பணியாளர்களுக்கான தொகை ஒன்றைக் கணக்கில் சேர்ப்பார்கள். பல கம்பெனிகளில் ஸ்வீட்காரர்களுக்கு அது கூடுதல். டிக்கெட் போடும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்வீட்டில் என்னதான் விசேஷம் என்று விசாரித்தேன். பால்கனி அறை என்பது நம் வீட்டுப் படுக்கையறை அளவுதான். இரட்டைக் கட்டில், ஒரு குட்டி சோபா, குளியலறை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு நாற்காலி போடுகிற அளவுக்குப் பால்கனி. ஸ்வீட் இதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு. பெரிய ஸ்வீட் என்றால் அதற்கும் மேலே. கூடவே, வரிசையில் நிற்காமல் கப்பல் ஏறலாம், தனிச் சாப்பாட்டுக் கூடம், கூப்பிட்டால் ஓடிவர ஓர் ஆள் என்று சலுகைகள். இன்னொரு விஷயமும் உண்டு. பெயரில் ஸ்வீட் என்று இருந்தாலே இரண்டு அறை என்று நினைத்துவிடாதீர்கள். ‘மினி ஸ்வீட்’, ‘ஜூனியர் ஸ்வீட்’ என்பவை பெரும்பாலும் ஒரே அறைதான். நடுவில் ஒரு திரைச்சீலை இருக்கும், அவ்வளவே!

இப்படி நானும் இவரும் இரண்டு நாள் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தோம். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “அதெல்லாம் இருக்கட்டும். பாத்ரூம் எப்படி?” என்றார்கள்.

எனக்குப் பொறி தட்டியது. அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மறுநாளே டிராவல்ஸ்காரரிடம் குளியலறைப் படத்தை மட்டும் காட்டச் சொன்னேன். அந்த ஸ்வீட்டில் அழகான வெள்ளைக் குளியல் தொட்டி! தொட்டிக்குள் நின்றுதான் ஷவரில் குளிக்க வேண்டும். அதன் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க அத்தையால் முடியுமா? ஆடுகிற கப்பலில், ஈரத் தரையில்? சாதாரண பால்கனி அறையிலோ ஒரு மூலையில் கதவு போட்ட ஷவர், அதற்கு ஒரு சின்னத் தடுப்பு, சுவரில் கைப்பிடி. ராணிக்குத் தோதானது எது என்று நீங்களே சொல்லுங்கள்! தவிர, ஒரு ஸ்வீட்டில் நாலு பேருக்கு ஒரு குளியலறை. இரண்டு அறை எடுத்தால் இரண்டு குளியலறை. காலை ஏழு மணிக்கு வயதுப் பெண்ணும் வயசான மாமியாரும் ஒரே கதவின் முன் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். போதும் போதும் என்றாகிவிட்டது.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கென்றே அகலமான கதவு, படி இல்லாத குளியலறை வைத்துச் சில அறைகள் உண்டு. நாங்கள் கேட்டபோது தீர்ந்துவிட்டன. அவை எண்ணிக்கையில் குறைவு. வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது அறை இருக்கும் இடம். கப்பல் ஆடும்போது ஊஞ்சல் பலகை மாதிரி இரண்டு முனைகளும்தான் அதிகம் ஏறி இறங்கும். நடுவிலும், கீழ் மாடிகளிலும் ஆட்டம் குறைவு. ஸ்வீட்டுகளில் பல உச்சி மாடிகளிலோ முன்கோடி, பின்கோடியிலோ இருக்கின்றன. பஸ்ஸில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போவதற்குள் எலுமிச்சம்பழம் கேட்கிறவள் என் மகள். அவளை முன்கோடியில் படுக்க வைப்பதா! மலாக்கா ஜலசந்தி, சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் ஒடுங்கிய கடல் என்பதால் பெரும்பாலும் அலை சாதுவாகத்தான் இருக்கும். இருந்தாலும் லிஃப்டுக்குப் பக்கமாக, கப்பலின் நடுவில், பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அதுவும் வலது பக்கம். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும்போது மலேசியக் கரை வலது கைப் பக்கம்தான் இருக்கும். அத்தையின் பினாங்கு அந்தப் பக்கம்தானே வரும்.

இவருக்கு மனசு ஆறவில்லை. “நாளைக்கு அம்மா இல்லாம போனா, எண்பதாயிரத்தைப் பார்த்தோமேன்னு இருக்கும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. நான் சரியாகத்தான் சொல்கிறேனா, கருமித்தனம் பண்ணுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அத்தையேதான், “பேத்தியும் நானும் ஒரு ரூம்ல படுத்துக்கறோம். எனக்கு அதுதான் வேணும்” என்று சொல்லிப் பேச்சை முடித்தார்கள்.

திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர். அங்கே மெரினா பேயில் இருக்கும் கப்பல் நிலையத்தில் கூட்டமான கூட்டம். ஸ்வீட்காரர்கள் தனி வழியில் சரசரவென்று போனபோது, இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, அத்தைக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அவர்களை நிற்க வைக்காமல் அழைத்துப் போனார்கள். நாங்கள் மூவரும் ஒரு மணி நேரம் நின்றோம்.

அறைக்குள் நுழைந்ததும் பணிப் பையனிடம் ஒன்று கேட்டேன். இரண்டு பால்கனிகளுக்கும் நடுவில் ஒரு தடுப்புக் கதவு இருக்கும். பல கப்பல்களில் கேட்டால் திறந்துவிடுவார்கள் என்று தெரிந்து வைத்திருந்தேன். அவன் சாவி கொண்டுவந்து திறந்துவிட்டான். இரண்டு குட்டி பால்கனி ஒரே நீளத் திண்ணை ஆகிவிட்டது! கட்டுச் சாதக் கூடை ஒன்றுதான் இல்லை. நாலு நாற்காலியையும் வரிசையாகப் போட்டு உட்கார்ந்தபோதுதான் இவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அறைக் கதவையும் திறக்காதீர்கள். காற்று ஊடே புகுந்து கதவை அறையும். விரல் இருந்தால் நசுங்கிவிடும். குழந்தைகள் இருந்தால் நாற்காலியைக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் போடவே கூடாது. ஏறிவிடுவார்கள். ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் கொண்டுபோகாதீர்கள். தீ பயத்தால் கப்பலில் அனுமதிப்பதில்லை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். நடு, லிஃப்ட், வலது பக்கம் எல்லாம் பார்த்தவள், தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எங்கள் மாடிக்கு நேர் மேலே நீச்சல் குளம்! ராத்திரி நாற்காலிகளை இழுத்து அடுக்குகிற ‘டரக் டரக்’ சத்தம். விடியற்காலையில் மறுபடி இழுத்துப் போடுகிற சத்தம். நாலு இரவும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற மாடியாகக் கேளுங்கள். நாடகக் கூடம், பாட்டுக் கச்சேரிக் கூடம் இவற்றுக்கு மேலேயும் வேண்டாம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு மட்டும் என் கணக்கு வேறாக இருக்கும். குழந்தை ஏழரை மணிக்குத் தூங்கிவிட்டால், ஒரே அறையில் விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் இருட்டில் உட்கார வேண்டியதுதான். தனிப் படுக்கையறையோடு கூடிய ஸ்வீட் கட்டுப்படியானால் தாராளமாக எடுங்கள். பகலில் பாதி நேரம் அறையிலேயே பால் கொடுத்துத் தூங்கவைத்துக் கொண்டிருப்பவர்களுக்கு அந்த இடம் வீணாகாது. தொட்டியும் குழந்தையைக் குளிப்பாட்ட உதவும். காலையில் வெளியே போய் ராத்திரி படுக்க மட்டும் திரும்புகிறவர்களுக்குத்தான் அது தண்டம்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மகள் வந்து எங்களை எழுப்பினாள். “பாட்டி எப்பவோ எழுந்து வெளியே உட்கார்ந்திருக்காங்க.” போய்ப் பார்த்தால், அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு பால்கனியில். இருட்டில் மலையும் அடிவாரத்து விளக்குகளும் மெல்ல மெல்லக் கிட்டே வந்துகொண்டிருந்தன. அத்தை ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ‘லிட்டில் இந்தியா’ கிட்டத்தில்தான். வாடகைக் காரில் போய் இறங்கினோம். அத்தையின் அப்பா வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். அத்தைக்கு ஏமாற்றம்தான். ஆனால் குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில், 1833-ல் கட்டியது, அப்படியே இருக்கிறது. சின்ன வயசில் சுண்டல் வாங்க நின்ற இடம் என்று ஒரு தூணைத் தொட்டுக் காட்டினார்கள். முழங்கால் வலியையும் மறந்து பிராகாரம் சுற்றினார்கள்.

அன்று இரவு கப்பல் புறப்பட்ட பிறகு, “இந்தக் கப்பல்ல டெக்குன்னு ஒண்ணும் கிடையாதா?” என்று கேட்டார்கள். எல்லோருக்கும் பொதுவான திறந்த தளம் ஒன்று இருந்தது. ஸ்வீட்காரர், பால்கனிக்காரர், ஜன்னலே இல்லாத அறைக்காரர் எல்லோரும் உலாவுகிற இடம். அங்கே ஒரு சாய்வு நாற்காலியில் அத்தையை உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நாற்காலி வேண்டாம்டி, கீழே உட்காரணும் போல இருக்கு” என்றார்கள். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், இவரும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார்கள். காலை நீட்டிக்கொண்டு, தன் அம்மா கட்டிவந்த புளியோதரை எத்தனை நாள் கெடாமல் இருந்தது, எந்த இடத்தில் தனக்கு வாந்தி வந்தது, பக்கத்துப் பாயில் யார் படுத்திருந்தார்கள் என்று பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பதினொன்றரை மணிக்கு மூன்று பேரும் சேர்ந்து தூக்கித்தான் அவர்களை எழுப்பினோம்.