ஒரு நாளில் 540 முறை

சென்னையில் லீக் ஆட்டங்கள் நடக்கும் ஒரு மைதானம். பேட்டிங் வலைகளைத் தாண்டி, ஓரமாக ஒற்றை ஸ்டம்ப் நட்டு மூன்று பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார், முன்னாள் மாநில அணி விக்கெட் கீப்பர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவருடைய வலது மோதிர விரல் நடுக்கணுவில் திரும்பி நிற்கிறது.

"எத்தனை தடவை உடைஞ்சது சார்?"

"டாக்டர்கிட்ட காட்டினது ரெண்டு தடவை. மத்ததெல்லாம் டேப் சுத்திட்டு ஆடினது. ஒரு மேட்ச் உக்காந்தா அடுத்த பையன் உள்ள வந்துடுவான்."

ஒரு அணியில் பேட்ஸ்மேனுக்கும் பவுலருக்கும் பல இடங்கள் உண்டு. கீப்பருக்கு ஒன்றுதான்.

வேலையை அருகிலிருந்து பார்த்தபோதுதான் அதன் நுணுக்கம் எனக்குப் புரிந்தது. ரஞ்சியில் ஒரு நாளைக்கு 90 ஓவர். முழு நாளும் ஃபீல்டிங் என்றால் 540 முறை உட்கார்ந்து எழ வேண்டும். எழும் நேரம்தான் தொழிலே. "பந்து தரையில பட்டு எழும்பும்போது நீயும் எழும்பு. முன்னாடி எழுந்தா பந்து கைக்குக் கீழே போயிடும்" என்று ஒவ்வொரு பந்துக்கும் சொல்கிறார். பையன்களுக்குச் சலித்தாலும் அவருக்குச் சலிக்கவில்லை. சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போது சட்டமும் குறுக்கே வரும்: பந்து மட்டையிலோ ஆட்டக்காரர் மீதோ படும்வரை, அல்லது ஸ்டம்பைக் கடக்கும்வரை, கிளவுஸ் ஸ்டம்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். மீறினால் நோ பால்.

லெக் சைடு பந்துதான் கொடுமை. பேட்ஸ்மேனின் உடம்பு மறைத்துவிடும். பந்து எங்கே வெளிப்படும் என்று ஊகித்து, கை முன்பே அங்கே போயிருக்க வேண்டும். ஒரு பையன் மட்டையை வீசி வேண்டுமென்றே தவறவிட, இன்னொருவன் பின்னால் பிடித்துப் பழகினான். சார் சில சமயம் முதுகைத் திருப்பிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். "உள்ளங்கையில வாங்கிட்டான். வலிச்சிருக்கும் பாருங்க" என்றார். அந்தப் பையன் கையை உதறிக்கொண்டிருந்தான்.

மாநில கீப்பரின் வாழ்க்கை பெரும்பாலும் காத்திருப்பு. தமிழ்நாட்டின் பரத் ரெட்டி 1979இல் இங்கிலாந்தில் 4 டெஸ்ட் ஆடினார். அடுத்த தொடரிலேயே, முன்பு இந்தியாவின் கீப்பராக இருந்த கிர்மானி திரும்பி வந்தார், ரெட்டிக்கு அதன்பின் டெஸ்டே இல்லை. மத்தியப் பிரதேசத்தின் நமன் ஓஜா ஓய்வு பெறும்போது ரஞ்சியில் 351 பேரை வெளியேற்றியிருந்தார். அதுவரை எந்தக் கீப்பரும் அதை எட்டியதில்லை. அவர் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 2015இல் கொழும்பில், இந்திய அணியின் கீப்பர் விருத்திமான் சாஹாவுக்குக் காயம் என்பதால். குஜராத்தின் பார்த்திவ் பட்டேல் எட்டு ஆண்டு கழித்து 2016இல் டெஸ்டுக்குத் திரும்பியதும் சாஹாவின் காயத்தால்தான். இன்னொருவர் அடிபட்டால்தான் வாய்ப்பு என்ற நிலையிலும் இவர்கள் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

தேர்வாளர்கள் இன்று முதலில் கேட்பது ரன். நான்கு நாள் ஆட்டத்தில், பந்து திரும்பும் ஆடுகளத்தில், இது தவறு என்றே நினைக்கிறேன். பத்து ரன்னில் தவறிய ஸ்டம்பிங் நூறாக வளரும். பைஸ் ஸ்கோர் கார்டில் ஏறும்; தவறிய ஸ்டம்பிங் ஏறாது. அதனால் நல்ல கைக்கும் சுமாரான கைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேரில் வந்து நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மூவரில் நல்ல கை யாருக்கு என்று கேட்டேன். மெலிந்த பையனைக் காட்டினார். பிறகு அவனையே கூப்பிட்டார்: "தம்பி, கிளவுஸைக் கழட்டு. பேட் கட்டிக்கிட்டு வலைக்குப் போ."

"இன்னும் கொஞ்சம் கீப்பிங் பண்றேன் சார்."

"ஏழாவதா இறங்கி அம்பது அடிக்கலேன்னா ட்ரயல்ஸ்ல உன் கையை எவனும் பாக்க மாட்டான். போ."

பந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரே எறிந்து கொடுக்கப் போனார்.