ஆழம் அறியும் வழி

தோட்டவெளி மணற்பூமி. மன்னார்த் தீவின் பல இடங்களைப் போல இங்கும் நல்ல தண்ணீர் மேலேயே இருக்கிறது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், தன்னைவிட அடர்த்தி கூடிய கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றை ஆழமாக வெட்டினாலும், பம்ப் வைத்து அளவுமீறி இறைத்தாலும் உவர் ஏறிவிடும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருப்பதே இங்கு பெரிய அறிவு.

அதனால், ஆழமெல்லாம் உயர்வு, மேற்பரப்பெல்லாம் தாழ்வு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உடம்பும் அப்படிச் சொல்லவில்லை. மேல்தோலோடு நின்ற தீக்காயம் தாங்கமுடியாமல் எரியும். தோலின் முழுக் கனத்தையும் தின்ற காயமோ அந்த இடத்தில் வலிப்பதே குறைவு. வலியைச் சொல்லும் நரம்பு நுனிகளே அங்கு கருகிப்போயிருக்கும். அலறுபவரிடம் மட்டும் ஓடினால், பேசாமல் கிடப்பவரைச் சாகவிடுவோம்.

மனதுக்கும் இது பொருந்தும். செத்தவீட்டில் வாய்விட்டு அழுபவளின் துக்கம் வெறும் சத்தமல்ல. கண் நனையாமல், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயின் நெஞ்சும் கல்லல்ல. இருவரையும் அளக்க நம்மிடம் கோல் இல்லை.

இவ்வூரின் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களில் ஏறக்குறைய 600 பேரை, 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். அவர்கள் ஏற்ற விசுவாசத்துக்கு வயது மிகக் குறைவு. தமிழில் ஒரு புத்தகமும் அச்சேறியிராத காலம் அது. கையில் வைத்துப் படிக்க அவர்களுக்கு வேதாகமம் இல்லை. இவ்வளவு சீக்கிரம் மாறியவர்களின் பக்தி வெறும் மேற்பூச்சு என்று அன்று யாரும் எளிதாகச் சொல்லியிருக்கலாம். மறுதலிக்காமல் மாண்ட வேதசாட்சிகள் என்றே இந்த மண் அவர்களை இன்றும் நினைவுகூர்கிறது.

ஒரு நம்பிக்கை எவ்வளவு காலம் பழகியது, எவ்வளவு படித்து வந்தது என்பதைக் கொண்டு அதன் ஆழத்தைச் சொல்லிவிட முடியாது. அதற்காக ஒருவர் எதை இழக்கத் துணிந்தார் என்பதே அதைக் காட்டும். அதுவும் பெரும்பாலும் பிந்தித்தான் தெரியும். உடை, பேச்சு, கண்ணீர், புதிதாக வந்த பக்தி எதையும் வைத்து ஆளைத் தள்ளிவிடுவதுதான் உண்மையில் மேலோட்டமான சிந்தனை. பார்த்ததும் தீர்ப்புச் சொல்லாமல் பொறுத்திருப்பது நாம் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய கடமை என்று நம்புகிறேன்.